போர்ட் பிளேரில் ஒரு வாளித் தண்ணீர்

விமானம் போர்ட் பிளேருக்கு மேலே வந்து, மேகத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்காமலே சென்னைக்குத் திரும்பியது. மழைக்காலம் தொடங்கினால் இது வழக்கம்தான். ஆனால் நான் பக்கத்தில் நான்கு வயதுப் பிள்ளை ஜெனியை வைத்துக்கொண்டு, கைப்பைக்குள் நெபுலைசர் இருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பவள். "போகாதே என்று சொல்கிறதோ?" என்று உடனே தோன்றிவிட்டது.

பக்கத்து இருக்கையில் சிவகங்கைக்காரர் ஒருவர். அங்கே சாலை கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். "எனக்கு இந்த வருஷம் இது ரெண்டாவது தடவைம்மா" என்று சாவகாசமாகக் கால் நீட்டினார். "அந்த ஊருக்கு நம்மளப் புடிச்சாத்தான் எறங்க விடும். நாளைக்கி விட்டுரும், கவலைப்படாதீங்க."

சென்னையில் இறங்கி அருளுக்குப் போன் செய்தேன். அருள் என் கணவர். "என்ன ஷைனி, அதுக்குள்ள போயிட்டு முடிவு பண்ணிட்டு வந்துட்டியா?" என்றார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை.

முடிவு செய்யத்தான் போய்க்கொண்டிருந்தேன். அருளுக்கு வங்கி வேலையில் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்திருந்தது. போயே ஆக வேண்டும். நானும் ஜெனியும் கூடப் போவதா, திருச்சியிலேயே இருந்துகொண்டு அவரை மட்டும் அனுப்புவதா என்பதுதான் கேள்வி. "நீ பொறந்த ஊரு. நீயே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "வாளிய எடுத்துக்கலையா?" அது எங்கள் வீட்டுக் கேலி. திருச்சி வீட்டின் கூடத்து மூலையில் நான் எப்போதும் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்திருப்பேன். வருகிறவர்கள் இடறுவார்கள். மாமியார் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

மறுநாள் காலை ஊர் எங்களை இறங்க விட்டது.

வெளியே பெயர்ப்பலகையில் ஸ்ரீ விஜயபுரம் என்று இருந்ததை ஜெனிக்கு வாசித்துக் காட்டினேன். அழைத்துப் போக என் மதினி பூனம், அண்ணன் மனைவி, ஓர் ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தாள். ஜெனி ஆட்டோவில் ஏறியதுமே, "அம்மா, போர்ட் பிளேர்னு சொன்ன, வேற ஊருக்கு வந்துட்டமா?" என்றாள். மதினி அதை ஓட்டுநருக்கு இந்தியில் சொன்னாள். அவர் ஸ்ரீகாகுளத்துக்காரர். திரும்பிப் பார்த்து, "போர்டுல அந்தப் பேரு பாப்பா. பஸ்ஸுல ஏறினா பழைய பேருதான்" என்று இந்தியில் பதில் சொன்னார்.

உண்மைதான். அபர்தீன், ஹேடோ, ஃபீனிக்ஸ் பே என்று வெள்ளைக்காரன் தன் ஊர், தன் ஆள், தன் கப்பல் பெயர்களை வைத்துவிட்டுப் போனான். விடுதலை பெற்ற கைதிகள் கல்யாணம் செய்துகொண்டு குடியேறிய இடம் ஷாதிப்பூர் ஆனது. அந்த ஆட்டோ அன்றைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போன தெருக்கள் ஒவ்வொன்றிலும் யாரோ ஓர் அதிகாரி தன் பெயரை விட்டுப் போயிருந்தான். பள்ளிக்கூடத்து நாட்களில் பஸ் நடத்துநர் கூவும் வரிசையில் இந்தப் பெயர்களை ஒரு பாட்டு மாதிரி மனப்பாடமாய்ச் சொல்வேன். அன்று ஆட்டோவில் வாய் தானாக முணுமுணுத்தது. ஒன்று கூடத் தப்பவில்லை.

அண்ணன் வீடு புரோத்ராபூரில். பின்னால் பாக்குத் தோட்டம், முன்னால் தகரக் கூரையிலிருந்து நீல டிரம்முக்கு இறங்கும் மழைக்குழாய். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். கூடத்து மூலையில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். மதினி என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். "க்யா ஹுவா? உங்க அப்பா வச்சது. நான் டெய்லி தண்ணி மட்டும் மாத்துறேன்" என்றாள்.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்குப் பத்து வயது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது மரைன் ஹில்லில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். தரை ஆடத் தொடங்கியபோது அடுக்களை டிரம்மிலிருந்து தண்ணீர் தளும்பிக் கொட்டியதுதான் நான் முதலில் பார்த்தது. அதற்கப்புறம் கடல் செய்ததை எல்லோரும் அறிவார்கள். நாங்கள் மேட்டில் இருந்ததால் பிழைத்தோம். அதன்பின் மாதக்கணக்கில் தரை அவ்வப்போது நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுங்காத நேரத்திலும் நடுங்குவது போலவே இருந்தது. சாப்பிடும்போது, ஜெபம் சொல்லும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது. அப்பா ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். "தலை சுத்துதா, தரை ஆடுதான்னு தண்ணிக்கிட்ட கேளு மோளே. அதுக்குப் பயம் கிடையாது, பொய் சொல்லாது." அந்த மேட்டில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு வாளி வந்தது. ஆடுகிற மாதிரி இருந்தால் வாளியைப் பார். தண்ணீர் அசைந்தால் வெளியே ஓடு. அசையாவிட்டால் சோற்றைச் சாப்பிடு.

அம்மாவால் தாங்க முடியவில்லை. ரெண்டு மாசம் ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினாள். அண்ணனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, அவன் அப்பாவோடு நின்றுகொண்டான். அந்த ரெண்டு மாசம் முடியவே இல்லை. நாகர்கோவிலில் படித்தேன், வளர்ந்தேன், அங்கிருந்தே கல்யாணமாகிப் போனேன். அப்பா வருடத்துக்கு ஒருமுறை கருவாட்டுப் பெட்டியோடு வருவார். மற்ற நாட்களில் போன். அப்போது தீவுக்குப் பேசினால் குரல் தாமதமாகத்தான் போய்ச் சேரும். நான் "அப்பா" என்றால் அது எதிரொலித்து எனக்கே திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் அவர் "என்ன மோளே" என்பார். அதற்குள் நான் அடுத்ததைப் பேசியிருப்பேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "நீங்க சொல்லுங்க" என்பதிலேயே பாதி அழைப்பு தீர்ந்துவிடும். கொரோனாவுக்கு முந்தைய வருடம் அவர் இறந்தார். நான் விமானத்தைப் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

ஆகவே "வீடியோ கால் இருக்கே" என்று அருள் சொல்லும்போது எனக்கு அந்த எதிரொலிதான் கேட்கும். இந்த ஊருக்குப் பிள்ளையைக் கூட்டி வரவும் பயம். அவளை அப்பா இல்லாமல் வளர்க்கவும் பயம்.

இரண்டாம் நாள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும். பள்ளிக்கூடத்து வாசலில் தமிழ், வங்காளம், தெலுங்கு எல்லாம் கேட்டது. உள்ளே போனதும் பிள்ளைகள் எல்லாம் இந்திக்கு மாறிவிட்டன. ஜெனிக்கு இந்தி தெரியாதே என்று டீச்சரிடம் கேட்டேன். "ஒரு மழைக்காலம் போதும்" என்றார் அவர். பக்கத்தில் நின்ற ஒரு தாய் தமிழில், "அப்புறம் தமிழ மறக்காம பாத்துக்கறதுதான் உங்க பாடு" என்று சிரித்தாள். சரி, அதையும் கவலைகளில் சேர்த்துக்கொண்டேன்.

பிள்ளைகள் டாக்டர் காரைக்குடிக்காரர். ஜெனியின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக்கொண்டே என் கேள்விகளையும் கேட்டுக்கொண்டார். ஈரம் ஒத்துக்கொள்ளுமா, கரண்ட் போனால் நெபுலைசர் என்ன ஆகும், ராத்திரி மூச்சுத் திணறினால் எங்கே போவது. "திருச்சியில உங்க வீட்டுப் பக்கம் ரோட்டுல புழுதி உண்டா?" என்றார். உண்டு. "இங்க புழுதி கம்மி, பூஞ்சை ஜாஸ்தி. எது இவளுக்கு ஒத்துக்கும்னு நான் எழுதித் தர முடியாதும்மா. ராத்திரின்னா இங்க வாங்க. யாராவது இருப்போம்." நான் எதிர்பார்த்தது ஆம் அல்லது இல்லை. கிடைத்தது இதுதான்.

வீடு திரும்பியபோது ஒரே களேபரம். அன்று தண்ணீர் வரும் நாள். கோடை முடிகிற சமயம், அணையில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். மதினி குடம், அண்டா, குக்கர் வரை எல்லாவற்றையும் வரிசையில் வைத்திருந்தாள். திருச்சியில் மொட்டைமாடித் தொட்டி வழிந்து ஓடினால்கூட மோட்டாரை அணைக்க மறக்கிற நாங்கள் இங்கே எப்படி வாழ்வோம் என்று யோசித்தபடி நானும் குடம் தூக்கினேன்.

மதினி இந்தத் தீவில் முளைத்தவள். இங்கே அவர்களை 'லோக்கல் பார்ன்' என்பார்கள், கைதிகளாக வந்தவர்களின் வம்சம். அண்ணனுக்கும் அவளுக்கும் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தபோது அம்மா நாகர்கோவிலில் இருந்துகொண்டு, "கொலைகாரக் குடும்பத்துல போயி பொண்ணு எடுத்திருக்கானே" என்று அழுதாள். மதினிக்கும் அது தெரியும்.

"எங்க பர்தாதா, கொள்ளுத் தாத்தா, ஒரு ஜமீன்தாரை வெட்டிட்டு வந்தாரு" என்றாள், குடத்தை மாற்றி வைத்துக்கொண்டே. "உங்க அப்பா வேலை தேடி வந்தாரு. ரெண்டு பேரும் கப்பல்லதான் வந்தாங்க. ஒருத்தருக்கு டிக்கெட் சர்க்கார் எடுத்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்."

அண்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "எட்டி ஷைனி, இவ கூட வாய் குடுத்து ஜெயிக்க முடியாது, கேட்டியா. நான் பழகிட்டேன்."

"நீங்க பேசாம மீன் நறுக்குங்க ஜி" என்றாள் மதினி. பிறகு என்னிடம், "வெள்ளைக்காரன் வந்தான், ஜெயில் கட்டினான். ஜப்பான்காரன் வந்தான், பங்கர் கட்டினான், எங்க ஆளுங்களை ஒற்றன்னு சொல்லி அடிச்சே கொன்னான். அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்குதான். இன்னிக்கும் எங்க அப்பா தட்டுல ஒரு பருக்கை விடமாட்டாரு. திரும்ப வெள்ளைக்காரன். அப்புறம் டெல்லி. எல்லாரும் வந்து பேர் வச்சாங்க. தண்ணி லைன் மட்டும் யாரும் சரியா வைக்கலை" என்றாள். குழாய் அப்போதுதான் சீறிவிட்டு நின்றது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மூன்றாம் நாள் ஜெனியை ஹேவ்லாக் தீவுக்குக் கூட்டிப் போகலாம் என்று துறைமுகத்துக்குப் போனோம். டிக்கெட் கவுன்டரில் இரண்டு வரிசை. என் கால்கள் தாமாக இடது பக்க வரிசையில் போய் நின்றன. சிறு வயதில் அப்பாவோடு நிற்கும் வரிசை. என் முறை வந்ததும் உள்ளே இருந்தவர், "ஐலண்டர் கார்டு?" என்றார். இல்லை. "மெயின்லேண்டா? அந்த லைன்" என்று விரலை நீட்டினார். பின்னால் நின்ற நிக்கோபார்ப் பெண் எனக்காக நகர்ந்து வழிவிட்டாள். அந்த மரியாதைதான் இன்னும் உறைத்தது. 'நான் இங்கேதான் பிறந்தேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. கடல் சரியில்லை, இன்று கப்பல் இல்லை. இரண்டு வரிசையும் ஒன்றாகக் கலைந்தது.

மிச்ச நாளை என்ன செய்ய? கடற்கரைச் சாலையில் சமோசா வாங்கி ஆளுக்கொன்று தின்றோம். எதிரே ராஸ் தீவு மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் இப்போது வேறு பெயர். ஒரு காலத்தில் வெள்ளைக்காரனின் தலைநகரம் அதுதான். நடன மண்டபம், தேவாலயம், ரொட்டிக் கடை எல்லாம் இருந்தன. ஒரு நிலநடுக்கம் வந்து சுவர்களைப் பிளந்தது. மிச்சத்தை ஜப்பான்காரன் வந்து முடித்துவைத்தான். இன்று அந்த மண்டபங்களை ஆலமர வேர்கள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. சிறுமியாக அங்கே போனபோது மான்களுக்குப் பின்னால் ஓடியதுதான் என் நினைவில் இருக்கிறது. இப்போது தாயாகப் பார்க்கும்போது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஓடிய பெண் யாராயிருப்பாள் என்று தோன்றியது.

பிறகு மரைன் ஹில். மேட்டுச் சாலையில் ஜெனி மூச்சு வாங்குவாளோ என்று பயந்து பயந்து ஏறினேன். அவள் எனக்கு முன்னால் ஓடினாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

எங்கள் பழைய வீடு இல்லை. அங்கே இரண்டு மாடிக் கட்டடம். ஆனால் பின்பக்கம் அந்தப் பங்கர் அப்படியே இருந்தது. ஜப்பான்காரன் கடலைப் பார்த்துக் கட்டிய சிமென்ட் குகை. கடலை நோக்கிப் பிளந்த ஒரு கண் மாதிரி நீளத் துவாரம். எங்கள் காலத்தில் அம்மா அதில் விறகு போட்டு வைப்பாள். நிலநடுக்கத்தன்று வீட்டுச் சுவர் வெடித்தது, பங்கரில் ஒரு கீறல் விழவில்லை. அன்று நாங்கள் எல்லோரும் அதற்குள்தான் போய் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது அதற்குள் கோழிகள். ஒரு தெலுங்குப் பெண் தவிட்டுக் கிண்ணத்தோடு வெளியே வந்து, யார் வேண்டும் என்று இந்தியில் கேட்டாள். நான் இங்கே குடியிருந்ததைச் சொன்னேன். இந்த முறை யாரும் அட்டை கேட்கவில்லை.

"அப்போ இதுல நீங்க என்ன வச்சிருந்தீங்க?" என்றாள்.

"விறகு."

"விறகா? ஈரமாயிடுமே! எனக்கு முன்னாடி இருந்தவங்க ஸ்கூட்டர் வச்சிருந்தாங்க. கோழிக்குத்தான் இது சரி. கீரி வராது." யுத்தத்துக்குக் கட்டியதைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே குறை, வாசல் சிறியது என்பதுதான். ஜெனி குனிந்து உள்ளே போய், அந்தத் துவாரம் வழியே கடலைப் பார்த்துவிட்டு, கையில் ஒரு வெதுவெதுப்பான முட்டையோடு வந்தாள். அதை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

அன்று அம்மா நாகர்கோவிலிலிருந்து பேசினாள். இப்போது குரல் உடனே வருகிறது, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல. "எட்டி, சொல்லுதத கேளு. அந்த மண்ண நம்பப்பிடாது. பிள்ளைய வச்சிட்டு அங்க போவாண்டாம்." நான் "சரிம்மா" என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான்காம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். மத்தியானம் மாங்காய் போட்ட கோக்கரி மீன்கறி. எங்கள் கடற்கரையில் இல்லாத மீன், எங்கள் கடற்கரைக் குழம்பு. மதினி அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டுப் படித்தது. கொலைகாரக் குடும்பத்துப் பெண்ணுக்கு அம்மா தேங்காய் அரைக்கிற பதம் வரை சொல்லித் தந்திருக்கிறாள்! எனக்கு இதுவரை சொல்லவில்லை.

ஜெனிக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏதோ சரியில்லை. தலை லேசாகக் கிறங்குகிறது. சாப்பிடாமல் பூசைக்குப் போனதாலா? கல்லறையில் அழுததாலா? எனக்கு இப்படி அடிக்கடி வரும், திருச்சியில் லாரி போனால்கூட வரும். விரலிடுக்கில் மீனோடு நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஜெனி எழுந்தாள். சோறு ஒட்டிய கையோடு நேராக மூலைக்குப் போய், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து வாளியைப் பார்த்தாள்.

"அம்மா, நெஜம்தான்" என்றாள். வந்து என் கையைப் பிடித்தாள். "வெளிய வா."

எல்லோரும் முற்றத்தில் நின்றோம். பாக்கு மரங்கள் காற்றில்லாமல் ஆடி நின்றன. அவ்வளவுதான். பக்கத்து வேலிக்கு அப்பாலிருந்து வங்காளிக் கிழவர் ஒருவர், "உங்க வாளி ஆடிச்சா?" என்று இந்தியில் கத்தினார். "ஆடிச்சு!" என்றாள் மதினி. "எங்களதும்!" என்றார் அவர், ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் ஒத்துப்போன திருப்தியோடு. அண்ணன் போனில் சுனாமி எச்சரிக்கை உண்டா என்று பார்த்தான். இல்லை.

மதினி ஜெனியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "அரே வாஹ்! வாளியப் பாக்கணும்னு உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தா?"

ஜெனிக்குக் கேள்வியே புரியவில்லை. "அம்மா அப்படித்தான் பாப்பாங்க" என்றாள். பிறகு, "மீன் ஆறிடும்" என்றாள்.

நான் அழவில்லை என்று எழுத ஆசை. அவளுக்கு ஒருநாளும் நான் எதையும் சொல்லித் தந்ததில்லை. பயம் அவளுக்கு வரக்கூடாது என்று வாளியைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவளோ நான் பார்ப்பதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள். பயத்தை விட்டுவிட்டு, அப்பா சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா என்னைக் கப்பலில் ஏற்றி இந்த மண்ணிலிருந்து பிரித்துக் கொண்டுபோனாள். ஆனால் இருபது வருடமாய் நான் எந்த ஊரில் குடியிருந்தேன் என்பது என் கூடத்து மூலைக்குத் தெரியும். அந்த வாளியை எனக்கு விட்டுப் போனது நிலநடுக்கம் அல்ல. அப்பாதான்.

செய்தியில் பார்த்துவிட்டு அருள் போன் செய்தார். குரலில் கேலி இல்லை. "பயந்துட்டீங்களா? ஷைனி, ஒண்ணும் யோசிக்காத. நீங்க திருச்சியிலேயே இருங்க. நான் மட்டும் போயிக்கிறேன்."

"இல்லை" என்றேன். "மூணு பேரும் வருவோம்."

ஒரு நொடி, பழைய காலம் போல, என் குரல் போய்ச் சேரவில்லையோ என்று நினைத்தேன். பிறகு அவர் மெதுவாக, "நெஜமாவா?" என்றார்.

சரியான முடிவா என்று எனக்கு இப்போதும் தெரியாது. டாக்டர் சொன்ன பூஞ்சை இருக்கிறது. தண்ணீர் வராத நாட்கள் இருக்கின்றன. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை எழுந்து போய் ஜெனியின் மூச்சைக் கேட்டுவிட்டு வந்தேன்.

"அப்போ இப்பவே பேக்கிங் ஆரம்பிக்கட்டுமா? என்னென்ன எடுத்துக்கணும்?" என்று அன்று போனை வைக்குமுன் அருள் கேட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க" என்றேன். "அந்த வாளி மட்டும் வேண்டாம். இங்க இருக்கு."